முந்தித் தாக்குவது நியாயமா? வாதிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சின்னச் சறுக்கல்களை விட்டுவிடலாம். போர் எப்போது அறமாகும் என்று ஆராயும் நியாயப் போர் மரபைப் பற்றிப் புதிதாக எழுதுவோர் திரும்பத் திரும்ப விழுகிற இடங்கள் இவை.

இரண்டு போர்களை ஒன்றாக்குவது

எரிச்சலூட்டும் தவறு இதுதான். எதிரி தாக்கப் புறப்பட்டுவிட்டான், அடி விழுமுன் நாம் அடிக்கிறோம் என்றால் அது முந்தித் தாக்குதல். அவன் சில ஆண்டுகளில் பலம் பெற்றுவிடுவான், இப்போதே ஒடுக்குவோம் என்றால் தடுப்புப் போர். முதலாவதற்கு இந்த மரபில் குறுகலாகவேனும் இடமுண்டு. இரண்டாவதைப் பெரும்பாலோர் ஏற்பதில்லை.

கட்டுரைகளோ 1967 இஸ்ரேல்-எகிப்து போரில் தொடங்கி, கூச்சமே இல்லாமல் 2003இல் அமெரிக்கா படையெடுத்த ஈராக்கில் போய் நிற்கும். 1967 மே மாதம் எகிப்து சினாயில் படை குவித்தது, ஐ.நா. படையை வெளியேறச் சொன்னது, டிரான் நீரிணையை மூடியது. ஜூன் 5 காலை இஸ்ரேல் எகிப்தின் விமானதளங்களைத் தாக்கியது. எகிப்து அதிபர் நாசர் உண்மையிலேயே போரைத் தொடங்கியிருப்பாரா என்ற சர்ச்சை இதிலேயே ஓயவில்லை. ஈராக்கில் அந்த அளவு அறிகுறிகூட இல்லை. 2002 செப்டம்பரில் வெளியான அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு உத்தி, 'உடனடி அபாயம்' என்பதன் எல்லையையே நீட்டியது. ஈராக்கில் பேரழிவு ஆயுதக் கிடங்குகள் அகப்படவில்லை என்பதை வைத்து மட்டும் அந்தப் போரைக் கண்டிப்பவர்களும் இதே தவறைத்தான் செய்கிறார்கள். அகப்பட்டிருந்தாலும் அது தடுப்புப் போரே.

நியாயப் போர் பற்றி எழுதிய அமெரிக்கச் சிந்தனையாளர் மைக்கேல் வால்சர் வைக்கும் மூன்று சோதனைகளைத் தனித்தனியே போட்டுப் பாருங்கள்: தீங்கு செய்யும் நோக்கம் வெளிப்படையா? அதற்கான ஆயத்தம் நடக்கிறதா? காத்திருந்தால் ஆபத்து வெகுவாகப் பெருகுமா? மூன்றாவதற்கு மட்டும் பதில் வைத்துக்கொண்டு வருபவர்களே அதிகம்.

கரோலைனைப் பாதியில் விடுவது

1837 டிசம்பர் 29 இரவு, கனடாவிலிருந்து வந்த பிரிட்டிஷ் தரப்பினர் நயாகரா ஆற்றின் அமெரிக்கக் கரையில் நின்ற கரோலைன் கப்பலை எரித்தார்கள். கனடியக் கிளர்ச்சியாளர்களுக்கு அது சரக்கு ஏற்றிச் சென்றதுதான் காரணம். தற்காப்புத் தேவை உடனடியானதாக, வேறு வழியோ யோசிக்க நேரமோ விடாததாக இருக்க வேண்டும் என்று 1841இல் டேனியல் வெப்ஸ்டர் எழுதியதை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எழுதியவர் அடிபட்ட நாட்டின் வெளியுறவுச் செயலர். அடித்தவர்களிடம் ஆதாரம் கேட்டு எழுதினார். அதை அனுமதிச் சீட்டாகக் காட்டுவது வேடிக்கை. அதே கடிதம் மேலும் கேட்கிறது: எச்சரித்திருக்க முடியாதா, விடியும்வரை பொறுத்திருக்க முடியாதா, அப்பாவிகளைப் பிரித்திருக்க முடியாதா?

வென்றதால் நியாயம் என்பது

கிடையாது.

ஐ.நா. சாசனத்தின் 51ஆம் பிரிவோடு முடித்துக்கொள்வது

தற்காப்பு உரிமையைச் சொல்லும் அந்தப் பிரிவு சட்டம். அறக் கேள்விக்குத் தனியாகப் பதில் எழுதுங்கள்.