புயல் பலிக் கணக்கை ஊரளவில் விடுபடாமல் எழுதுவது எப்படி

புயல் கரையைக் கடந்த மறுநாள் அறிவிக்கப்படும் பலி எண்ணிக்கையில், சுவர் இடிந்தும் மரம் சாய்ந்தும் வெள்ளம் அடித்துச் சென்றும் இறந்தவர்களே பெரும்பாலும் இருப்பார்கள். அடுத்த பல வாரங்களில் மின்சாரமும் மருந்தும் வாகனமும் கிடைக்காமல் இறப்பவர்கள் அதில் சேர்வதில்லை. 2017 செப்டம்பர் 20 அன்று போர்ட்டோ ரிக்கோவைத் (கரீபியக் கடலில் உள்ள அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட தீவு) தாக்கிய மரியா புயலுக்குப் பலியானவர்கள் 64 பேர் என்றே அங்குள்ள அரசு பல மாதங்கள் சொல்லிவந்தது. ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வுக்குப் பின், 2018 ஆகஸ்டில் அந்த எண் 2,975 ஆகத் திருத்தப்பட்டது.

செட்டிநாட்டுக்கு இது தொலைதூரச் செய்தியன்று. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், உள்நாட்டில் புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டங்களையும் கடந்து சென்றது. பிள்ளைகள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்க, முகப்பிலிருந்து பின்கட்டு வரை நீளும் பெரிய வீடுகளில் முதியவர்கள் தனியே வாழும் ஊர்கள் இங்கு ஏராளம். மின்சாரம் நின்றுபோனால் அவர்களுடைய மோட்டாரும் சுவாசக் கருவியும் குளிர்பெட்டியில் வைத்த இன்சுலினும் ஒருசேரப் பயனற்றுப் போகும்.

ஆகவே, கணக்கெடுப்பைத் தெருவாரியாகத் தொடங்குங்கள். வாக்காளர் பட்டியலை மட்டும் நம்பாமல், வீட்டுக் காவலாளி, வெளிமாநிலக் கட்டடத் தொழிலாளர், கோயில் வாசலில் தங்குவோர் ஆகியோரையும் விசாரித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியில் கடல் கொண்டுபோன பயணிகள் ரயிலில் எத்தனை பேர் இருந்தனர் என்பது இன்றுவரை உறுதிப்படாததற்கு, சீட்டின்றிப் பயணித்தவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லாததே காரணமாகச் சொல்லப்படுகிறது.

புயலால் நேரடியாக இறந்தவர், அதன் விளைவால் பின்னர் இறந்தவர், காணாமற்போனவர் எனப் பட்டியலில் மூன்று நெடுவரிசைகள் போதும். காணாமற்போனவரை இறந்தோருடன் கூட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நாள், இடம், சொன்னவர் பெயர் ஆகியவற்றைக் குறித்தால் ஒருவரே இருமுறை எண்ணப்படுவது நிற்கும். கணக்கு மிகையாகிவிடுவதும் உண்டு: 2005இல் அமெரிக்காவைத் தாக்கிய கத்ரீனா புயலின் பலிக்கு நெடுங்காலம் 1,833 என்று சொல்லப்பட்டுவந்த எண்ணை, அமெரிக்கத் தேசியப் புயல் மையம் 2023இல் 1,392 ஆகக் குறைத்தது.

மிகுந்த கவனம் வேண்டிய இடம் மருத்துவர் தரும் இறப்புக் காரணச் சான்றிதழ். அதில் உடனடிக் காரணத்துக்கு ஒரு வரியும், அதற்கு இட்டுச்சென்ற முந்தைய காரணங்களுக்கு அடுத்தடுத்த வரிகளும் உண்டு. முதல் வரியில் ‘இதயச் செயலிழப்பு’ என்று எழுதி மற்றவற்றை வெறுமையாக விட்டால், பாலம் முறிந்ததால் டயாலிசிஸுக்குப் போக முடியாமல் இறந்தவருக்கும் புயலுக்கும் உள்ள தொடர்பு அங்கேயே அறுந்துவிடும். மரியாவின் கணக்குத் தவறியதற்கு, பேரிடர் மரணங்களைச் சான்றளிக்க மருத்துவர்களுக்குப் போதிய பயிற்சி இல்லாததும் ஒரு காரணம் என்று ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வு கண்டது. ஆகவே நடந்ததை மருத்துவரிடம் விளக்கமாகச் சொல்லி, கீழ் வரிகளையும் நிரப்பித் தருமாறு பணிவோடு கேளுங்கள்.

சுவர் விழுந்தோ மின்கம்பி பட்டோ இறந்திருந்தால், காவல் நிலையத்தில் தெரிவித்து உடற்கூறாய்வு முடியும்வரை பொறுத்திருங்கள். துயரத்தின் வேகத்தில் உடனே தகனம் செய்துவிட்டால் நிவாரணம் கோருவதற்கான ஆதாரமும் போய்விடும். இறப்பை 21 நாட்களுக்குள், சிற்றூரில் கிராம நிர்வாக அலுவலரிடமும் நகரத்தில் உள்ளாட்சி அலுவலகத்திலும் பதிவுசெய்ய வேண்டும்.

ஆறு மாதம் கழித்து, அதே மாதங்களில் முந்தைய சில ஆண்டுகளில் நிகழ்ந்த இறப்புகளைப் பதிவேட்டிலிருந்து எடுத்து ஒப்பிடுங்கள். மரியா புயலுக்கு 2,975 என்ற எண் கிடைத்ததும், வழக்கமாக எதிர்பார்க்கப்படும் இறப்புகளுக்கு மேல் எத்தனை கூடின என்று கணக்கிட்டே. ஊர் சிறியதென்றால் கூடுதல் தற்செயலாகவும் இருக்கலாம் என்பதால், சுற்றியுள்ள ஊர்களைச் சேர்த்துப் பாருங்கள். இறப்பு நிகழ்ந்த இடத்திலேயே பதிவாகும் என்பதால், தேவகோட்டையிலிருந்து மதுரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கு இறந்தவர் உங்கள் ஊர்ப் பதிவேட்டில் இருக்கமாட்டார். அவர் குடும்பத்திடம் சான்றிதழின் நகலைக் கேட்டு வாங்கி, உங்கள் பட்டியலில் நீங்களே சேர்க்க வேண்டும்.