உயில், டிரஸ்ட், கார்டியன் வழக்குகள்: நியாயம் இருந்தும் தோற்க வைக்கும் தவறுகள்

மூல உயில் கைக்கு வந்ததும் பலர் செய்யும் முதல் தவறு, ஜெராக்ஸ் எடுக்க ஸ்டேப்ளர் பின்னைக் கழற்றுவது. திரும்பப் பின் அடித்தாலும் பழைய துளைகள் காகிதத்தில் அப்படியே நிற்கும். நடுவில் ஒரு தாளை மாற்றிவிட்டார்கள், கடைசியில் இருந்த திருத்த உயிலை உருவிவிட்டார்கள் என்று எதிர்த்தரப்பு சொல்ல அது போதும். இங்கிலாந்தில் இந்தத் துளைகளுக்கே எழுத்தில் விளக்கம் கேட்பார்கள். பின்னைத் தொடாமல், ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் படம் எடுங்கள். கிளிப்பும் மாட்ட வேண்டாம். அதன் தடமும் கேள்வியாகும். மூலத்தைத் தொலைப்பது இன்னும் மோசம். எழுதியவர் வசமே கடைசியாக இருந்த உயில், அவர் இறந்தபின் கிடைக்கவில்லை என்றால், அவரே அழித்துவிட்டார் என்றுதான் ஆங்கிலேயச் சட்ட மரபில் வந்த நீதிமன்றங்கள் முதலில் அனுமானிக்கும்.

துக்கம் ஆறட்டும், பிறகு பேசலாம் என்று இருப்பவர்கள் கெடுவைக் கோட்டை விடுகிறார்கள். டிரஸ்டை (பிறர் நலனுக்காக ஒருவர் பொறுப்பில் சொத்தை விடும் ஏற்பாட்டை) எதிர்க்கக் கலிபோர்னியாவில், அந்தப் பொறுப்பாளரான டிரஸ்டி சட்டப்படியான நோட்டீஸை அனுப்பிய நாளிலிருந்து பொதுவாக 120 நாள்தான். இங்கிலாந்தில் குடும்பத்தாருக்கும் சார்ந்திருந்தவருக்குமான 1975 வாரிசுரிமைச் சட்டப்படி ஜீவனாம்சம் போல ஒரு பங்கு கேட்பவருக்கு, புரொபேட் (உயிலுக்கு நீதிமன்ற வழியில் கிடைக்கும் ஒப்புதல்) வழங்கிய நாளிலிருந்து 6 மாதம். சமரசம் பேசிக்கொண்டிருப்பதால் மட்டும் கெடு நீளாது. நோட்டீஸ் வந்த உறையைத் தூக்கிப் போடாதீர்கள். அதிலுள்ள தபால் முத்திரையும் சாட்சிதான்.

"மறதி நோய் இருந்தது, அதனால் உயில் செல்லாது" என்ற ஒரே வாதத்தோடு கோர்ட்டுக்குப் போவதும் வீண். பேங்க்ஸ் எதிர் குட்ஃபெலோ என்ற இங்கிலாந்து வழக்கில் 1870-ல் வகுத்த அளவுகோல் நோயின் பெயரைப் பார்ப்பதில்லை. உயில் என்றால் என்னவென்று புரிந்ததா, சொத்து ஏறக்குறைய எவ்வளவு என்று தெரிந்ததா, யாருக்கெல்லாம் பாத்தியதை உண்டு என்று நினைவிருந்ததா, மனப்பிரமை ஏதும் முடிவை மாற்றியதா என்றுதான் பார்க்கும். ஆகவே கையெழுத்துப் போட்ட வாரத்தின் மருத்துவக் குறிப்பும் உயில் எழுதிய வக்கீலின் கோப்பும் வேண்டும். பத்து உறவினர் சொல்வதைவிட அவை கனமானவை.

டிரஸ்டியும் கார்டியனும் (மைனர் போன்றவர்களின் காப்பாளர்) மாட்டிக்கொள்வது பெரும்பாலும் கணக்கில். திருட்டு எண்ணமே இருக்காது. அவசரத்துக்குச் சொந்தக் கணக்கிலிருந்து மருந்து வாங்கி, பிறகு ஒரு தொகையை உத்தேசமாக எடுத்துக்கொள்வார்கள். இரண்டு வருடம் கழித்து எது யார் பணம் என்று பிரித்துக் காட்டும் பொறுப்பு அவர்கள் தலையில்தான் விழும். தனி வங்கிக் கணக்கு, ரொக்கமாக எடுக்காமை, கூடவே தேதி, யாருக்கு, எதற்கு, ரசீது எண், மீதி என ஐந்து நெடுவரிசை நோட்டு: இவ்வளவுதான் தேவை. "இதர செலவு" என்ற வரியே குறுக்கு விசாரணையை அழைத்து வரும். டிரஸ்ட் சொத்தைத் தானே வாங்கவும் கூடாது. நியாய விலை கொடுத்திருந்தாலும் பயனாளிகள் அதை ரத்து செய்யச் சொல்லலாம்.

மைனர் நிலத்தை விற்பதில் இந்தியாவில் இன்னொரு பொறி உண்டு. 1956-ன் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டப்படி, தகப்பனாரே விற்றாலும் கோர்ட் அனுமதி வேண்டும். வாங்காமல் விற்றால், பிள்ளைக்கு 18 ஆனபின் 3 வருடத்துக்குள் அந்தக் கிரயத்தை ரத்து செய்யக் கேட்கலாம். அதுவரை வாங்கியவரின் பட்டாவும் ஊசலில்தான்.

உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளரான எக்ஸிகியூட்டருக்கு ஒன்று: வாரிசுகள் நெருக்குகிறார்கள் என்று கடனையும் வரியையும் தீர்க்குமுன் பங்கு பிரித்தால், பின்னால் வரும் கடன்காரருக்கு உங்கள் சொந்தப் பையிலிருந்து கொடுக்க நேரும்.