கொடை மரபுகளைப் படிக்கத் தொடங்குபவருக்கு

உலகின் கொடை மரபுகளைப் படிக்க முன்வருபவர்கள் பெரும்பாலும் வள்ளல்களின் வாழ்க்கை வரலாற்றைத்தான் முதலில் கையில் எடுக்கிறார்கள். கொடை அளிக்கப்பட்டபோது எழுதப்பட்ட பத்திரத்தை முதலில் படியுங்கள் என்பேன். எந்தச் சொத்திலிருந்து, யாருக்கு, என்ன நிபந்தனையின் பேரில், யாருடைய பொறுப்பில் என்ற நான்கு கேள்விகளுக்கும் அதில்தான் விடை கிடைக்கும்.

ஒரு சான்றை நிதானமாகப் பார்ப்போம். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் யாக்கோப் ஃபுக்கர் என்ற பெருவணிகர் 1521-இல் ஏழைகளுக்காக நிறுவிய குடியிருப்பில் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள். அன்று ஒரு ரைன் கில்டராக இருந்த ஆண்டு வாடகை இன்றைய நாணயத்தில் 0.88 யூரோ. குடியேறுபவர் அந்நகரத்தவராகவும் கத்தோலிக்கராகவும் வறியவராகவும் இருக்க வேண்டும்; அத்துடன், நிறுவனருக்காகவும் அவர் குடும்பத்துக்காகவும் நாள்தோறும் மூன்று செபங்களைச் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையைக் கடந்து போய்விடாதீர்கள். ஏழையின் செபம் இறந்தவரின் ஆன்மாவுக்குத் துணை நிற்கும் என்று நம்பிய காலத்தில், அங்கே குடியிருந்தவரும் கொடுத்தவருக்கு ஒன்றைக் கொடுத்துக்கொண்டிருந்தார். கொடுத்தல், பெறுதல், திருப்பிச் செலுத்துதல் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்த கடமைகள் என்று பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் 1925-இல் எழுதியதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

அடுத்து, சொற்களில் கவனம் வையுங்கள். எல்லாவற்றையும் ‘தர்மம்’ என்று பெயர்த்துவிட்டால் வேறுபாடுகள் மறைந்துவிடும். இஸ்லாத்தில் ஜகாத் என்பது, குறித்த அளவுக்கு மேற்பட்ட செல்வம் ஒரு சந்திர ஆண்டு கையில் இருந்தால் அதில் 2.5 விழுக்காட்டைக் கட்டாயமாகக் கொடுப்பது. சதக்கா மனமுவந்து கொடுப்பது. வக்ஃப், மூலச்சொத்தை விற்காமல் அதன் வருமானத்தை மட்டும் அறப்பணிக்கு ஒதுக்குவது. யூதர்களின் ‘செதாக்கா’ என்ற சொல்லின் வேரோ நீதியைக் குறிக்கிறது. அதை எட்டுப் படிகளாக வகுத்த இடைக்கால யூத அறிஞர் மைமோனிடிஸ், ஒருவர் மீண்டும் கையேந்தாதபடி கடனோ கூட்டுத்தொழிலோ வேலையோ தந்து நிலைநிறுத்துவதை எல்லாவற்றிலும் உயர்ந்ததாக வைத்தார்.

சட்டங்களைப் படிக்கும்போது அவற்றுக்குப் பின்னால் இருக்கும் முறையீட்டைத் தேடுங்கள். இங்கிலாந்தின் 1601-ஆம் ஆண்டுச் சட்டம் முதியோர் உதவி, பள்ளிகள் ஆகியவற்றோடு பாலம் பழுதுபார்ப்பதையும் அறப்பணியாகப் பட்டியலிடுகிறது. ஆனால் அது பிறந்த காரணம், அறக்கொடைகள் வேறு வழியில் செலவழிக்கப்பட்டதுதான். கனடாவின் நிலை வேறு. மேற்குக் கடற்கரைப் பழங்குடியினர் விருந்து கூட்டிப் பொருள்களை வழங்கும் ‘பாட்லாட்ச்’ சடங்கை வீண் செலவு என்று கருதிய அரசு, 1885 முதல் 1951 வரை அதைத் தடை செய்து வைத்திருந்தது. அந்த மக்களுக்கோ பட்டமும் உரிமையும் உறுதிப்படுவதே அந்த வழங்கலில்தான். பிறர் மரபை எடைபோடும் முன் இதை நினைவில் கொள்வது மிக அவசியம்.

நாடுகளை வரிசைப்படுத்தும் கணக்கெடுப்புகளைப் பார்த்தால், முதலில் கேள்வித்தாளைப் படியுங்கள். ஓர் அமைப்புக்குப் பணம் தந்தீர்களா என்று மட்டும் கேட்டால், உறவினர் பிள்ளையைப் படிக்க வைப்பவர் அந்தக் கணக்கில் வரவே மாட்டார்.

பயிற்சிக்கு ஓர் அறக்கட்டளையைத் தேர்ந்தெடுத்து, அதன் நிறுவனப் பத்திரத்தையும் அண்மை ஆண்டுக் கணக்கையும் அருகருகே வைத்துப் படியுங்கள். அமெரிக்கத் தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் வரிப்படிவம் பொதுமக்கள் பார்வைக்குக் கிடைக்கிறது. பத்திரம் சொல்லும் நோக்கமும் கணக்கில் தெரியும் செலவும் எந்த இடத்தில் விலகுகின்றனவோ, அங்கிருந்து உங்கள் குறிப்பேட்டை எழுதத் தொடங்கலாம்.