ஒட்டுவதற்கு முன் ஒரு வாளித் தண்ணீர்

தூக்கிப்போடும் பிளாஸ்டிக்கில் பெரிய சுவர்ப்படம் செய்வதாக இருந்தால், பசையைத் திறப்பதற்கு முன் ஒவ்வொரு வகையிலும் ஒரு துண்டு வெட்டி, வாளித் தண்ணீரில் போட்டு விரலால் அமுக்கி விடுங்கள். மூழ்கியதை லேசாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு ஒட்டலாம், பெயிண்டும் அடிக்கலாம். மேலே வந்து மிதப்பதற்குப் பசையை வீணாக்காதீர்கள். பலகையில் திருகாணி போட்டு முடுக்குங்கள், இல்லையென்றால் துளையிட்டுக் கம்பியால் கட்டுங்கள்.

தண்ணீர் போத்தலின் உடம்பு பெட் (PET) என்ற பிளாஸ்டிக், தண்ணீரைவிடக் கனம். அதே போத்தலின் மூடியோ பாலிஎதிலீன் அல்லது பாலிபுரொப்பிலீன். தண்ணீரைவிட லேசு, அதன் வழுவழுப்பில் பசையும் பெயிண்டும் சரியாகப் பிடிக்காது. சூட்டுப்பசை முதல் நாள் பிடித்தமாதிரிதான் இருக்கும். அப்புறம் அடுக்குமாடி புளோக்கின் கீழே திறந்திருக்கும் வெற்றுத்தளத்தில் நம் ஊர் வெக்கையும் சாரலும் பட, சுவர்ப்படத்து மயிலின் தோகை மூடி மூடியாக உதிரும். மூடிகளை நிறவாரியாகப் பிரித்து, பெயிண்டே இல்லாமல் அடுக்குவதுதான் எனக்குப் பிடித்த வழி.

முழுப் போத்தலைப் போட்டுப் பார்க்காதீர்கள், உள்ளே காற்று இருந்தால் எதுவும் மிதக்கும். சாப்பாடு கட்டித் தரும் வெள்ளை நுரைப்பெட்டிக்கும் இந்தக் கணக்கு செல்லாது: மிதந்தாலும் வெள்ளைப் பசையில் ஒட்டும், ஆனால் ஸ்பிரே பெயிண்ட் பட்டால் பெரும்பாலும் கரைந்துவிடும். ஒரே நாள் தரைக்கோலத்துக்கு இதெல்லாம் வேண்டாம், சும்மா பரப்பினால் போதும்.