"புரிந்ததா?" என்று கேட்காதீர்கள்

பல இனத்தவரும் மொழியினரும் சேர்ந்து வேலை செய்யும் குழுவில் "புரிந்ததா?" என்ற கேள்வியால் பெரிய பயன் இல்லை. மேலதிகாரியிடம் "புரியவில்லை" என்று சொல்வதைச் சிலர் மரியாதைக் குறைவாக நினைத்து வளர்ந்திருப்பார்கள். அவர்கள் சொல்லும் "சரி" என்பதற்கு, "நீங்கள் சொன்னது காதில் விழுந்தது" என்பது மட்டுமே பொருளாக இருக்கலாம். தவறு தெரியவரும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

"நான் தெளிவாகச் சொன்னேனா என்று பார்க்கிறேன். முதலில் எதைச் செய்வீர்கள், எங்கே சிக்கல் வரலாம்?" என்று கேளுங்கள். விளக்கும் பொறுப்பு உங்களுடையது என்று காட்டினால் அவருக்குச் சங்கடம் இருக்காது. குழுவில் எல்லோரிடமும் இதே கேள்வியைக் கேளுங்கள். உச்சரிப்பு வேறாக உள்ளவரிடம் மட்டும் கேட்டால் அது நிச்சயம் புண்படுத்தும்.

கூட்டத்தில் பேசப்போகும் விஷயங்களை ஒரு நாள் முன்பே எழுதி அனுப்புங்கள். இரண்டாம் மொழியில் யோசித்துப் பேசுபவருக்கு நேரம் வேண்டும். கேள்வி கேட்டபின் மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். இளையவர்கள் முதலில் பேசட்டும். மூத்தவர் கருத்துச் சொல்லிவிட்டால், அதை மறுத்துப் பேசப் பலர் தயங்குவார்கள்.

தேதியிலும் கவனம் தேவை. 03/04 என்பது அமெரிக்கருக்கு மார்ச் 4, பிரிட்டிஷாருக்கு ஏப்ரல் 3. மாதத்தை எழுத்தால் எழுதுங்கள்.

ஒருவரின் பெயரை எப்படி உச்சரிப்பது என்று அவரிடமே கேட்டு, உங்கள் மொழியின் எழுத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நீங்களாகச் சுருக்கிக் கூப்பிடாதீர்கள்.