சின்ன ட்யூப் ஆம்ப்புக்கு எந்த பெடல்?

ஃபெண்டர் சாம்ப் மாதிரி 5 வாட் கிட்டார் ஆம்ப்பில் ஒரே ஒரு 6வி6 பவர் ட்யூப் (ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்), 8 அங்குல ஸ்பீக்கர், அவ்வளவுதான். வால்யூமை ஏற்றினால் அதுவே உறும ஆரம்பித்துவிடும், அதனால் ஓவர்டிரைவில் (ஒலியை உறும வைக்கும் பெடல்) கெயினை, அதாவது கூடுதல் உறுமலை, தேடி அலையாதீர்கள். என் ஓட்டு ட்யூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவுக்குத்தான், பேஸைக் குறைத்து மிட்டை (நடுத்தர ஒலிகளை) முன்னால் தள்ளுவதால் சின்ன ஸ்பீக்கர் திணறாது. உறுமலைக் கூட்டும் டிரைவ் குமிழைக் கிட்டத்தட்டப் பூஜ்யத்தில் வைத்து, ஒலி அளவைக் கூட்டும் லெவலை மட்டும் ஏற்றிப் பாருங்கள்.

அப்புறம் ரிவெர்ப், பெரிய அறையில் வாசிப்பது போன்ற எதிரொலி தரும் பெடல். இந்த ஆம்ப்பில் எஃபெக்ட்ஸ் லூப் (ஆம்ப் உறுமிய பிறகு பெடலைச் சேர்க்கும் இணைப்பு) கிடையாது, ஓவர்டிரைவுக்கு அடுத்து ஆம்ப்பின் இன்புட்டில்தான் செருகியாக வேண்டும், ஆம்ப் உறுமும்போது ரிவெர்பும் சேர்ந்து உடைந்து ஒரே குழப்பமாகிவிடும். எதிரொலி எவ்வளவு கலக்க வேண்டும் என்பதை மாற்றும் மிக்ஸ் குமிழ் தனியாக இருப்பதாகப் பார்த்து வாங்கி, அதைக் கால்வாசிக்குள் வையுங்கள். டிஜிட்டல் ரிவெர்ப் பேட்டரியைச் சீக்கிரம் குடித்துவிடும், அடாப்டருக்கும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.