செயின்ட் ஆண்ட்ரூஸ் பொது கோல்ஃப் மைதானங்கள்: புதியவர் எதில் தொடங்குவது, ஓல்ட் கோர்ஸுக்கு எப்போது போவது?

செயின்ட் ஆண்ட்ரூஸ் என்றாலே ஓல்ட் கோர்ஸ் ஒன்றுதான் என்று நினைத்துப் போகிறவர்கள் நிறைய. இடம் கிடைக்காவிட்டால் அங்குள்ள பழைய கல் பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில் உள்ள இந்தச் சின்ன ஊரில் பொதுமக்கள் ஆடக்கூடிய மைதானங்கள் மொத்தம் ஏழு: ஓல்ட், நியூ, ஜூபிலி, ஈடன், ஸ்ட்ராதைரம், பால்கோவ், காசில். புதியவருக்கு ஓல்ட் கோர்ஸ் கடைசியில் வர வேண்டிய மைதானம். அதற்கு முன் எவற்றை, எந்த வரிசையில், எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறோம்.

முதலில் ஒரு தெளிவு. ஓல்ட் கோர்ஸின் முதல் டீக்கு (குழிக்கான முதல் அடியை அடிக்கும் இடம்) பின்னால் நிற்கும் அந்தக் கல் கட்டடம் ஒரு தனியார் கிளப்புடையது. ஆனால் எதிரே விரிந்து கிடக்கும் புல்வெளி அவர்களுடையதல்ல. 1552-இல் பேராயர் ஹாமில்டன் கொடுத்த சாசனமே இங்கே கோல்ஃப் ஆட ஊராருக்கு உள்ள உரிமையைச் சொல்கிறது. இன்று 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் லிங்க்ஸ் டிரஸ்ட் எல்லா மைதானங்களையும் நடத்துகிறது. உறுப்பினர் சிபாரிசு தேவையில்லை. கட்டணம் கட்டினால் ஆடலாம். அந்தத் தயக்கத்தை விட்டுவிட்டுத் திட்டமிடுங்கள்.

படி 1: உங்கள் அடி எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்துகொள்ளுங்கள்

பயிற்சித் திடலில் டிரைவரால் (மிக நீளமான அடிக்கான மட்டை) பத்துப் பந்து அடியுங்கள். மிக நன்றாகப் போன இரண்டையும் மிக மோசமான இரண்டையும் விட்டுவிட்டு, மீதி ஆறின் சராசரியை எடுங்கள். அதுதான் உங்கள் உண்மையான தூரம். என்றோ ஒருநாள் போன 240 கெஜம் கணக்கில் வராது.

டிரைவர் 175 கெஜம் போகிறவருக்கு 18 குழிகளின் மொத்த நீளம் 4,400 முதல் 4,600 கெஜம் வரை இருந்தால் வசதி. 200 கெஜம் என்றால் 5,200 முதல் 5,400 வரை. 225 என்றால் 5,800 முதல் 6,000 வரை. இதைவிட நீளம் தரும், பின்னால் உள்ள டீயில் நின்றால் ஒவ்வொரு குழியிலும் இரண்டாவது அடிக்கே நீளமான மட்டையை எடுக்க வேண்டி வரும். அங்கேதான் ஸ்கோரும் பொறுமையும் சேர்ந்து போகும்.

படி 2: ஸ்கோர்கார்டில் மூன்று எண்களைப் பாருங்கள்

நீளம், கோர்ஸ் ரேட்டிங், ஸ்லோப். நன்றாக ஆடுகிறவருக்கு அந்த மைதானம் எத்தனை அடி கேட்கும் என்பதை ரேட்டிங் காட்டும். சாதாரண ஆட்டக்காரருக்கு அது எவ்வளவு கூடுதலாகக் கடினம் என்பதை ஸ்லோப் காட்டும். ஸ்லோப் 55-இலிருந்து 155 வரை இருக்கும். 113 என்பது நடு அளவு. இரண்டு மைதானங்களை ஒப்பிடும்போது புதியவர் முதலில் பார்க்க வேண்டியது ஸ்லோப்பைத்தான்.

மைதானத்துக்கான ஹேண்டிகேப்பை இப்படிக் கணக்கிடலாம்: உங்கள் ஹேண்டிகேப் இன்டெக்ஸை (உங்கள் ஆட்டத் திறனைக் காட்டும் எண்; குறைய குறைய ஆட்டம் நன்று) ஸ்லோப்பால் பெருக்கி, 113-ஆல் வகுத்து, அதோடு ரேட்டிங்கிலிருந்து பாரை (மைதானத்துக்கென்று வைத்திருக்கும் அடிகளின் எண்ணிக்கை) கழித்த எண்ணைக் கூட்டுங்கள். உதாரணத்துக்கு இன்டெக்ஸ் 30, ஸ்லோப் 125, ரேட்டிங் 70.5, பார் 71 என்று வைத்துக்கொள்வோம். 30 × 125 ÷ 113 = 33.2. அதில் 0.5 குறைந்தால் 32.7. முழு எண்ணாக 33. அதே மைதானத்தில் டீ மாறினால் இந்த எண்ணும் மாறும். அதனால் எந்த டீ என்பதை முடிவு செய்த பிறகே கணக்குப் போடுங்கள்.

கார்டு சொல்லாத ஒன்று காற்று. இங்கே காற்று அனேகமாகத் தென்மேற்கிலிருந்து அடிக்கும். எதிர்க்காற்று மணிக்கு 10 மைல் என்றால் தூரத்தை சுமார் 10 சதவீதம் கூட்டிக் கணக்கிடுங்கள். 150 கெஜ அடி 165 கெஜ அடியாகிவிடும். பின்காற்று தரும் லாபம் அதில் பாதிதான்.

படி 3: ஏழு மைதானங்களையும் ஒப்பிடுங்கள்

பால்கோவ்: ஒன்பது குழி, பார் 30. குழந்தைகளுக்கும் தொடக்கக்காரர்களுக்கும் என்றே வைத்திருக்கும் மைதானம். ஹேண்டிகேப் கேட்க மாட்டார்கள். ‘குழந்தைகள் ஆடுவதுதானே’ என்று ஒதுக்காதீர்கள். கடலோர மணல்தரையில் பந்து எப்படித் துள்ளி ஓடுகிறது என்பதைக் குறைந்த செலவில் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் இந்த ஊரில் இல்லை.

ஸ்ட்ராதைரம்: 1993-இல் திறந்தது. பார் 69, சுமார் 5,600 கெஜம், பங்கர்கள் (மணல் பள்ளங்கள்) வெறும் 15. ஓல்ட் கோர்ஸில் 112 பங்கர்கள் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 18 குழி மைதானத்தை முதன்முறையாக ஆடுகிறவர் தயங்காமல் இதை எடுக்கலாம். தவறான அடிக்கு இங்கே தண்டனை குறைவு. பந்துகளும் அதிகம் தொலையாது.

ஈடன்: 1914-இல் ஹாரி கோல்ட் வடிவமைத்தது. நீளம் 6,250 கெஜத்தை ஒட்டி, பார் 70. கிரீன்களின் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) மேடு பள்ளங்கள்தான் இதன் உயிர். கிரீன் வரை எளிதாக வந்து சேர்ந்து, அங்கே மூன்று புட் (பந்தைக் குழிக்கு உருட்டும் அடி) போடுவது இங்கே சகஜம். ஸ்ட்ராதைரத்தில் 110 அடிக்குள் முடிக்க முடிந்தவருக்கு அடுத்த படி இதுதான் என்பது எங்கள் கருத்து.

நியூ: பெயர்தான் நியூ. ஓல்ட் டாம் மோரிஸ் 1895-இல் அமைத்தது. பார் 71, சுமார் 6,600 கெஜம். ஓல்ட் கோர்ஸை ஒட்டியே ஓடுகிறது. அதே மண், அதே காற்று, ஃபேர்வேயின் (டீக்கும் கிரீனுக்கும் நடுவே வெட்டிய புல்பாதை) ஓரங்களில் மஞ்சள் பூ பூக்கும் அதே முட்புதர். ஓல்ட் கோர்ஸ் போல, இரண்டு குழிகள் பகிரும் ஒரு இரட்டை கிரீன்கூட உண்டு. ஆனால் அடிக்கும் திசை கண்ணுக்குத் தெரியும், நல்ல அடிக்கு நல்ல பலன் கிடைக்கும். ஓல்ட் கோர்ஸுக்கு முன் ஓர் ஒத்திகை வேண்டும் என்றால் இது. ஒரே ஒரு சுற்றுக்குத்தான் நேரம், ஹேண்டிகேப் 20-ஐ ஒட்டி இருக்கிறது என்றாலும் இதையே சொல்வோம்.

ஜூபிலி: 1897-இல், விக்டோரியா மகாராணியின் வைர விழா ஆண்டில், பெண்களுக்கும் புதியவர்களுக்கும் என்று 12 குழிகளோடு தொடங்கியது. பிறகு 18 ஆகி, 1980-களின் இறுதியில் போட்டித் தரத்துக்கு மாற்றப்பட்டது. இன்று ஊர் மைதானங்களில் இதுதான் கடினம் என்று சொல்கிறவர்கள் அதிகம். கடலுக்குப் பக்கம், காற்று பலம், ஃபேர்வே ஒடுக்கம். புதியவர் தவிர்க்கலாம்.

காசில்: 2008-இல் டேவிட் மெக்லே கிட் வடிவமைத்தது. மற்ற ஆறும் ஊரின் மேற்கே ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்க, இது மட்டும் கிழக்கே குன்றின் விளிம்பில் தனியாக இருக்கிறது. காட்சி அபாரம். கிரீன்கள் மிகப் பெரியவை, கடும் வளைவுகள் கொண்டவை. அனுபவம் வந்த பிறகு போங்கள்.

ஓல்ட்: பார் 72. 1, 9, 17, 18 ஆகிய நான்கு குழிகளுக்கு மட்டுமே தனி கிரீன். மற்ற 14 குழிகளும் ஏழு இரட்டை கிரீன்களைப் பகிர்கின்றன. எந்த ஜோடியைக் கூட்டினாலும் 18 வரும்: 2-உம் 16-உம், 5-உம் 13-உம், 8-உம் 10-உம். போகும் குழிகளுக்கு வெள்ளைக் கொடி, திரும்பும் குழிகளுக்குச் சிவப்புக் கொடி. இதைக் கவனிக்காமல் பக்கத்துக் கொடிக்கு அடித்துவிட்டு, அங்கிருந்து 40 கெஜத்துக்குப் புட் போட வேண்டி வருவது புதியவர்களுக்கு அடிக்கடி நேர்கிறது.

இந்த மைதானத்தின் பெரும்பாலான ஆபத்துகள் வலப்பக்கம்தான். முதல் டீயிலேயே வலது ஓரம் எல்லைக் கோடு. போகும் குழிகளில் வலப்புறம் முட்புதர். 17-ஆவது குழியில் வலப்பக்கம் ஹோட்டல். வலக்கைப் புதியவர்களின் அடி அனேகமாக வலப்பக்கம்தான் வளையும். அந்த ஸ்லைஸைப் பாதியாவது குறைக்காமல் ஓல்ட் கோர்ஸுக்குப் போனால் ஒரு சுற்றில் அரை டஜன் பந்து போய்விடும். ‘சந்தேகம் வந்தால் இடப்பக்கம்’ என்பதே இங்கே பாதுகாப்பான விதி.

படி 4: முன்பதிவு

ஓல்ட் தவிர மற்றவற்றுக்கு டிரஸ்டின் இணையதளத்தில் நேரம் பார்த்துப் பதிவு செய்துகொள்ளலாம். கோடையில் ஓல்ட் கோர்ஸ் கட்டணம் 300 பவுண்டுக்கு மேல். மற்றவை அதைவிடக் குறைவு, பால்கோவ் மிகக் குறைவு. ஏப்ரலுக்கு முன்பும் அக்டோபருக்குப் பின்பும் கட்டணம் இறங்கும். ஆனால் பகலும் சுருங்கும். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருப்பதால், மாலை நான்கு மணிக்குத் தொடங்கினாலும் 18 குழியை நிதானமாக முடிக்கலாம்.

ஓல்ட் கோர்ஸுக்குப் பிரபலமான வழி குலுக்கல். ஆட நினைக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு பிற்பகல் 2 மணிக்குள் பெயர் கொடுக்க வேண்டும். திங்கள் ஆட வேண்டும் என்றால் சனிக்கிழமை. குழுவில் குறைந்தது இருவர், அதிகபட்சம் நால்வர். ஒவ்வொருவருக்கும் ஹேண்டிகேப் சான்று வேண்டும். அனுமதிக்கும் ஹேண்டிகேப்பின் அதிகபட்ச அளவு மாறியிருக்கிறது என்பதால் விண்ணப்பப் பக்கத்தில் பார்த்துவிட்டே பெயர் கொடுங்கள். சான்றின் பிரதியை மைதானத்துக்கும் எடுத்துப் போங்கள். தனியாக வருகிறவர்களுக்குத் தனிக் குலுக்கல் உண்டு. முந்தைய நாள் நேரில் போய்ப் பதிய வேண்டும். முன்பு போல விடியற்காலையில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

ஞாயிறு ஓல்ட் கோர்ஸுக்கு விடுமுறை. அன்று அது ஊர்ப் பூங்கா. நாயோடு நடக்கிறவர்களையும் ஓடியாடும் குழந்தைகளையும் பார்க்கலாம். உங்கள் பயணத்தில் ஒரு ஞாயிறு வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மைதானம் முழுக்க இலவசமாக நடந்து, 14-ஆவது குழியின் ஹெல் பங்கரையும் 17-இன் கிரீனோரப் பங்கரையும் அருகில் போய்ப் பாருங்கள். டீயிலிருந்து பார்த்தால் பல பங்கர்கள் கண்ணுக்கே தெரியாது. அவை எங்கே இருக்கின்றன என்று ஒருமுறை நடந்து தெரிந்துகொள்வது பயிற்சித் திடலில் செலவழிக்கும் பல மணி நேரத்துக்குச் சமம்.

படி 5: இந்தத் தரைக்கு ஏற்ற மூன்று அடிகள்

ஒன்று, கிரீனுக்கு வெளியிலிருந்து புட்டர் (பந்தை உருட்டும் மட்டை). தரை இறுக்கமான மணல், புல் ஒட்ட வெட்டப்பட்டிருக்கும். வெட்ஜால் (பந்தை உயரத் தூக்கும் மட்டை) பந்தைத் தூக்கப் போனால் மட்டையின் அடிவிளிம்பு தரையில் மோதி எழும்பி, பந்தின் நடுவில் பட்டு, கிரீனைத் தாண்டி ஓடும். 20 கெஜத்துக்குள், நடுவில் பங்கர் இல்லையென்றால் புட்டரே போதும். ஓல்ட் கோர்ஸுக்குப் பக்கத்தில் ‘ஹிமாலயாஸ்’ என்று ஒரு பெரிய புட்டிங் திடல் இருக்கிறது. 1867-இல் தொடங்கிய பெண்கள் புட்டிங் கிளப்புடையது. பொதுமக்களுக்கும் திறக்கும் நேரங்களில் சிறு கட்டணத்தில் ஆடலாம். நீளமான புட்டுக்கு அங்கே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

இரண்டு, தாழ்வான அடி. எதிர்க்காற்றில் வழக்கமான மட்டையைவிட இரண்டு எண் குறைந்ததை (7-க்குப் பதில் 5) எடுத்து, பிடியைக் கொஞ்சம் இறக்கி, முக்கால் வீச்சில் அடியுங்கள். பலமாக அடித்தால் சுழற்சி கூடி, பந்து காற்றில் எழும்பி நின்றுவிடும்.

மூன்று, பங்கரிலிருந்து வெளியேறுவது. இங்கே பங்கர்களின் முன்பக்கம் புல்பாளங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய நேர்ச்சுவர். பந்து சுவரிலிருந்து அரை மீட்டரில் கிடந்தால் எந்தத் திறமையாலும் அதை முன்னால் கொண்டுபோக முடியாது. பக்கவாட்டிலோ பின்னாலோ அடித்து வெளியேறுங்கள். முறை இதுதான்: சாண்ட் வெட்ஜின் முகத்தை விரித்துப் பிடியுங்கள். கால்களை மணலில் அழுத்துங்கள். பந்துக்கு சுமார் 5 சென்டிமீட்டர் பின்னால் மணலை அடியுங்கள். வீச்சைப் பாதியில் நிறுத்தாதீர்கள். அடிக்கும் முன் ஒத்திகை வீச்சில் மட்டை மணலைத் தொட்டால் இரண்டு அடி தண்டனை. இரண்டு முயற்சியிலும் வெளியே வரவில்லையா? ‘ஆட முடியாத பந்து’ என்று அறிவித்து, இரண்டு அடி தண்டனையோடு பங்கருக்கு வெளியே, கொடிக்கும் பந்துக்கும் உள்ள நேர்கோட்டில் பின்னால் போட்டு ஆட 2019 முதல் விதி அனுமதிக்கிறது. வெளியேறும்போது மணலை வாரி விடுங்கள்.

முட்புதருக்குள் போன பந்தைத் தேட மூன்று நிமிடம்தான். கையை உள்ளே விடாதீர்கள், முள் பொல்லாதது.

படி 6: வேகமும் வழக்கமும்

ஓல்ட் கோர்ஸில் ஒரு சுற்றை நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க எதிர்பார்க்கிறார்கள். புதியவர்கள் ஸ்டேபிள்ஃபோர்ட் முறையில் (குழிக்குக் குழி புள்ளி தரும் முறை) எண்ணினால் நல்லது. ஒரு குழியில் புள்ளி கிடைக்காது என்று தெரிந்ததும் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடலாம். 1-ஆவது, 18-ஆவது ஃபேர்வேக்களைக் குறுக்கே வெட்டும் பாதையில் ஊர் மக்கள் நடப்பார்கள். அவர்கள் கடக்கும் வரை காத்திருங்கள். அடித்த பந்து யார் பக்கமாவது போனால் உடனே உரக்க ‘ஃபோர்!’ என்று கத்துங்கள்.

ஊரைத் தாண்டி

இன்னும் ஒரு நாள் இருந்தால் கிழக்குக் கடற்கரை வழியே க்ரெயில் போங்கள். 1786-இல் தொடங்கிய சங்கத்தின் பால்கோமி மைதானம் 6,000 கெஜத்துக்கும் குறைவு. கடல் கண்ணைவிட்டு மறையாது. புதியவருக்கு மிகவும் ஏற்றது. அருகில் உள்ள ஈலி ஊரின் மைதானத்தில் பார் 5 குழி ஒன்றுகூட இல்லை. முதல் ஃபேர்வே மேட்டுக்குப் பின்னால் மறைந்திருப்பதால், தொடக்க அதிகாரியின் அறையில் நீர்மூழ்கிக் கப்பலின் பெரிஸ்கோப் ஒன்றை வைத்து, முன்னால் ஆள் போய்விட்டார்களா என்று பார்க்கிறார்கள். இவை இரண்டும் உறுப்பினர் கிளப்புகள். வெளியாட்களுக்கு நேரம் ஒதுக்குகின்றன, ஆனால் போட்டி நாட்களில் கிடைக்காது. முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். 2000-இல் திறந்த கிங்ஸ்பார்ன்ஸ் மைதானம் அழகானது, ஆனால் கட்டணம் ஓல்ட் கோர்ஸைவிடக் குறைவில்லை. முதல் பயணத்தில் அந்தப் பணத்துக்கு ஸ்ட்ராதைரம், ஈடன், நியூ மூன்றையும் ஆடுவது மேல்.

எடின்பரோவிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரத்தில் லூக்கர்ஸ் நிலையம். அங்கிருந்து 99-ஆம் எண் பஸ் பத்து நிமிடத்தில் ஊருக்குள் விட்டுவிடும். கோடையிலும் மழை அங்கியும் கம்பளிச் சட்டையும் பைக்குள் இருக்கட்டும். கிழக்கிலிருந்து கடல்மூடுபனி வந்தால் அரை மணி நேரத்தில் குளிர் ஏறிவிடும். குளிர்காலத்தில் போகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: புல்லைக் காப்பாற்ற ஓல்ட் கோர்ஸ் ஃபேர்வேயில் சிறு விரிப்பின் மேல் பந்தை வைத்து அடிக்கச் சொல்வார்கள். விரிப்பில் அடித்துப் பழக்கமில்லையென்றால், போவதற்கு முன் பயிற்சித் திடலின் விரிப்பிலேயே இரண்டு கூடைப் பந்து அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.